குறட்டைக்கு ஒரு பள்ளிவாசல் கடிதம்

கல்முனைக்குடி
2024 ஜனவரி 12

மகள் றுஸ்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று முன்தினம் வாப்பா நடுக்கடையில் மடையனானேன். இது என்ன புதுச் செய்தியா என்று நீ கேட்பாய். ஆனால் இந்தத் தடவை ஆட்களைக் கூப்பிட்டு, கதிரை போட்டு, மஸ்கட் அல்வா கொடுத்து மடையனானேன்.

நீ ஆளிடம் கொடுத்தனுப்பிய புத்தகம் புதன் காலையில் வந்து சேர்ந்தது. மட்டை பளபளவென்று இருந்தது. உள்ளே ஒரு பக்கம் இங்கிலீசு, மற்றப் பக்கம் பிரெஞ்சு. எனக்கு இங்கிலீசு பாதி தெரியாது, பிரெஞ்சு முழுக்கத் தெரியாது. ஓ.எல். சோதனையில் இங்கிலீசை விடாமல் மூன்று தரம் எழுதி, மூன்றாம் தரம் மண்டபத்தில் காவல் நின்ற சேர் என்னை அடையாளம் கண்டு "வாங்க" என்று வரவேற்ற ஆள் நான். அப்படிப்பட்டவனின் மகள் பிரான்சில் புத்தகம் போட்டால் சும்மா இருக்கலாமா? பெயின்ட் வாளிகளுக்கு மேல் பலகையை வைத்து மஸ்கட்டைப் பரப்பினேன். லுஹர் தொழுதுவிட்டு வந்த ஆட்களையெல்லாம் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

"எண்ட மகள் எழுதின புத்தகம். இங்கிலீசுக்காரன்ட சொலவடையெல்லாத்தையும் பிரெஞ்சுக்கு மாத்தியிரிக்கா."

ஜுனைட் சேரும் வந்திருந்தார். எனக்கும் உனக்கும் இங்கிலீசு படிப்பித்த அதே சேர். என்னில் தோற்று, உன்னில் வென்றவர். மஸ்கட்டை வாயில் போட்டபடி மட்டையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"முத்தலிப், இதுல ஒண்ட மகள்ற பேர் இல்லையே. வேற ஒரு பொம்புளட பேரெல்லுவா கிடக்கு."

பின்னாலிருந்து ஒருவன், "அப்ப இந்த மஸ்கட்டெல்லாம் அந்தப் பொம்புளைக்கா சேரும்?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வாயை மூட எனக்குத்தான் அதிக நேரம் எடுத்தது.

சேர் கடைசிப் பக்கம் வரை தேடினார். "எங்கள் உதவியாளர்கள் அனைவருக்கும் நன்றி" என்று பொடி எழுத்தில் இருக்கிறதாம். என் கடையில் பைப் வெட்டித் தருகிறவரும் உதவியாளர்தான். அவரையே நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.

உம்மாவோடு நீ ஃபோனில் கதைக்கிறாய். உம்மா ஃபோனை என் பக்கம் நீட்டியதும் உனக்குச் சிக்னல் போய்விடுகிறது. நீ காரணம் சொல்லாமல் உம்மாவுக்கு அழுது அனுப்பிய குரல் பதிவை நான் கை தவறிக் குடும்ப வாட்ஸ்அப் குரூப் முழுவதற்கும் அனுப்பியது பிழைதான். "வாப்பாக்கு ஏதும் சொல்லணுமெண்டா கடுதாசில சொல்லட்டும், கடுதாசி போர்வேட் ஆகாது" என்றாயாம். சரி, இதோ கடுதாசி.

மட்டையில் பெயர் போட்டிருக்கிற அந்த மடாம் மொரெல் யார்? உழுததும் விதைத்ததும் நீ. இறக்காமத்து வயலில் இறங்கும் ஆனை மாதிரி வந்து கதிரைத் தின்றுவிட்டுப் போக அவ யார்? எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. நான் சும்மா இருக்கமாட்டேன்.

வாப்பா


லியோன்
2024 ஜனவரி 30

வாப்பா,

வ அலைக்கும் ஸலாம். நான் புத்தகம் எழுதினேன் என்று உங்களிடம் ஒருநாளும் சொல்லவில்லை. "ஒரு புத்தகத்தில் வேலை செய்கிறேன்" என்றுதான் சொன்னேன். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை மஸ்கட்டால் நிரப்பியது நீங்கள்.

என்ன வேலை என்று நீங்கள் இதுவரை கேட்டதில்லை. ஊருக்குச் சொல்ல மட்டும் அவசரம். கேளுங்கள். இங்கிலீசுக்காரன் அபூர்வமாக நடப்பதை "நீல நிலாவுக்கு ஒருதரம்" என்பான். அதை அப்படியே பிரெஞ்சில் போட்டால் வாசிப்பவர் வானத்தைப் பார்ப்பார். பிரெஞ்சுக்காரர் அந்த இடத்தில் "மாதத்தின் முப்பத்தாறாம் திகதி" என்பார்கள். நடக்கவே நடக்காததை இங்கிலீசுக்காரன் "பன்றி பறக்கும்போது" என்பான். இங்கே "கோழிக்குப் பல் முளைக்கும்போது" என்பார்கள். சொல்லை விட்டுவிட்டு, அந்தச் சொல்லைச் சொல்லும்போது மனிதர் முகம் எப்படி இருக்குமோ, அதே முகத்தை இந்த மொழியில் தேட வேண்டும். இதைவிடக் கஷ்டம் சின்ன வால் ஒட்டிய வினைகள். "ஸ்டேண்ட்" என்றால் நில். "ஸ்டேண்ட் டவுன்" என்றால் விலகு. "ஸ்டேண்ட் இன்" என்றால் இன்னொருவருக்குப் பதிலாய் நில். "ஸ்டேண்ட் பை" என்றால் கைவிடாதே. பிரெஞ்சில் இந்த வால் வியாபாரம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் தேட வேண்டும். சில நாட்களில் காலை முழுவதும் ஒரே சொல்லோடு இருந்துவிட்டு எழும்பியிருக்கிறேன்.

ஒவ்வொன்றின் கீழும் ஓர் உதாரண வசனம் இருக்கும். அவை முழுக்க முழுக்க என்னுடையவை. மடாம் மொரெல் என் பிரெஞ்சைத் திருத்தினார், அதை மறுக்கமாட்டேன். பத்தில் இரண்டு பங்கு அவருடையது. மட்டையில் பத்தும் அவருடையது.

எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்கிறீர்களா? புத்தகம் அச்சாகி வந்த அன்று ஒபிஸ் கழிவறையில் கதவைப் பூட்டிக்கொண்டுதான் உம்மாவுக்கு அந்தக் குரலை அனுப்பினேன். என் அவமானத்தை மடாம் மொரெல் மட்டையோடு நிறுத்திவிட்டார். நீங்கள் அதை மாமிமார், மச்சான்மார், கட்டாரில் இருக்கிற ஆட்கள் எல்லாரும் கேட்க வைத்தீர்கள்.

இப்போது கவனமாய் வாசியுங்கள். ஜூன் மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. அதற்குப் பிறகு வேலையை நிரந்தரமாக்குவதாக டைரக்டர் சொல்லியிருக்கிறார். புத்தகத்தின் இரண்டாம் பதிப்பும் வருகிறது. பெயரைப் பற்றி நானே, என் நேரம் பார்த்து, என் முறையில் கேட்பேன். நீங்கள் ஒன்றும் செய்யக்கூடாது. ஒன்றுமே.

றுஸ்தா


கல்முனைக்குடி
2024 பெப்ரவரி 19

மகள் றுஸ்தாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உதாரண வசனம் முழுக்க உன்னுடையது என்று எழுதியிருந்தாய். அதென்ன என்று பார்க்க ஜுனைட் சேரையும் கூட்டிக்கொண்டு, ஃபோன் கமராவைப் புத்தகத்துக்கு மேலே பிடித்தோம். ஃபோன் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிற்று.

"என் தகப்பன் கடையை மூடுவது மாதத்தின் முப்பத்தாறாம் திகதி."

சரி, என் உழைப்பைப் பாராட்டியிருக்கிறாய் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினேன்.

"என் தகப்பன் தன் பிழையை ஒப்புக்கொள்வார், கோழிக்குப் பல் முளைக்கும்போது."

சேர் இருமினார். சிரிப்பை இருமலாக்கி விடுகிற பழக்கம் அவருக்கு உண்டு. எங்கள் வீட்டுக்குள் பன்றியைப் பறக்க விடாமல் கோழியைப் பிடித்துத் தந்த பிரெஞ்சுக்காரனுக்கு அல்லாஹ் கூலி கொடுக்கட்டும். அடுத்தது என்ன தெரியுமா?

"என் தகப்பன் தேவாலயத்து மணியடிக்கிறவன் போலக் குறட்டை விடுகிறார்."

பிரான்சில் எத்தனை கடைகளில் இந்தப் புத்தகம் விற்கிறது? அத்தனை கடையிலும் நான் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறேன். என்னிடம் ஒரு சொல் கேட்டாயா? கோபத்தில் புத்தகத்தை மூடினேன். பிறகு திறந்து இன்னும் தேடினேன். பிடிவாதக்கார வாப்பா, பேரம் பேசத் தெரியாத வாப்பா, மழையில் குடையை மறந்துவிட்டு வந்து குடைக்கு ஏசுகிற வாப்பா. அந்தப் புத்தகத்தில் என்னைத் தவிர வேறு மனிதனே இல்லையா, மகள்?

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. மடாம் மொரெலின் தகப்பனா எங்கள் கடையில் இருக்கிறார்? புத்தகத்தில் இருக்கிற ஆள் நான். என்னை இப்படி எழுத உலகத்தில் ஒருத்திக்குத்தான் முடியும். இதைவிட வேறு அத்தாட்சி என்ன வேண்டும்?

நீ "நீங்கள் ஒன்றும் செய்யக்கூடாது" என்று எழுதியிருந்தாய். நான் ஒன்றும் செய்யவில்லை. பள்ளிவாசல் நிர்வாகம்தான் செய்தது.

அஸர் தொழுகைக்குப் பிறகு நிர்வாகத்தார் கூடினார்கள். தலைவர் மீராமுகைதீன் ஹாஜியார் விசயத்தைக் கேட்டுக் கொதித்துப்போனார். "நம்மட மஹல்லாப் புள்ளட உழைப்ப இன்னொருத்தி திண்டுட்டுப் போறதா? கடிதம் எழுதுங்க சேர்!" என்றார். சேர் இங்கிலீசில் எழுதினார். புத்தகத்தில் வருகிற தகப்பன் எங்கள் மஹல்லாவின் நிரந்தரவாசி முத்தலிப்தான், அவரைப் பிறந்த நாளிலிருந்து ஜமாஅத் அறியும், அவர் கடை மூடுவதில்லை, பிழையை ஒப்புக்கொள்வதில்லை என்று வரிசையாய் உறுதிப்படுத்திக்கொண்டு போனார். குறட்டையில்தான் வேலை நின்றது.

"பள்ளி லெட்டர்ஹெட்டில ஒரு ஆள சேர்ச் மணியடிக்கிறவன் எண்டு எப்படி சேர் எழுதிக் குடுக்கிற?" என்றார் ஹாஜியார்.

"அடிக்கிறவன் எண்டில்ல ஹாஜியார். அடிக்கிறவன் மாதிரிக் குறட்ட விடுறார் எண்டுதான்."

"ஆர் கண்ட? விடுறதுதானா?"

"போன ரமழான்ல பள்ளில தங்கி இஃதிகாப் இரிக்கக்குள்ள இவருக்குப் பக்கத்துல படுத்தவன் நான்" என்று பொருளாளர் எழும்பினார். "வல்லாஹி, நான் சாட்சி. பத்து நாளும் கண்ண மூடல்ல."

"அப்ப போடுங்க. உண்மைய மறைக்கப் போடாது."

சேருக்குப் பிறகு கை நிற்கவில்லை, இங்கிலீசுச் சொலவடையாகவே கொட்டிற்று. பட்டப்பகல் கொள்ளை என்றார், நாங்கள் படுத்துக்கொண்டு இதை ஏற்கமாட்டோம் என்றார், அவளோடு நிற்போம் என்றார். சீல் அடித்து, பதிவுத் தபாலில், புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்த விலாசத்துக்குப் போட்டாயிற்று. நீ இனி யோசிக்காதே.

வாப்பா


லியோன்
2024 மார்ச் 6

வாப்பா,

அது வந்து சேர்ந்துவிட்டது.

முன்மேசையில் இருக்கிற பெண் எல்லாருக்கும் நடுவில் பிரித்தார். மேலே பச்சைப் பிறை, அரபு எழுத்து, கீழே நீல சீல், ஐந்து பேரின் கையெழுத்து. கடிதம் அறை அறையாய்ப் போய்க் கடைசியில்தான் என்னிடம் வந்தது.

இங்கே ஒபிசுக்குள் மார்க்கத்தை யாரும் கொண்டுவருவதில்லை, வாசலில் கழற்றிவிடுகிற செருப்பு மாதிரி. அதற்காகவே இரண்டு வருசமாய் நான் எவ்வளவு அடக்கமாய் நடந்தேன் தெரியுமா? நோன்பு நாட்களில் "வயிறு சரியில்லை" என்று சொல்லிச் சாப்பாட்டு மேசையில் ஒதுங்கியிருக்கிறேன். நீங்கள் அந்தச் செருப்பைப் பதிவுத் தபாலில் டைரக்டரின் மேசைக்கே அனுப்பியிருக்கிறீர்கள்.

ஒபிஸ் நிர்வாகத்தார் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் மெதுவான குரலில் கேட்டார்கள்: "உங்கள் குடும்பத்தாரால் உங்களுக்கு ஏதாவது ஆபத்து இருக்கிறதா? பயமில்லாமல் சொல்லலாம்."

பயமா? எந்த வாப்பாவுக்கு? குடைக்கு ஏசுகிற வாப்பாவுக்கா? எனக்கு அவர்கள் மீது வந்த ஆத்திரத்தில் வாய் பூட்டிக்கொண்டது. நான் பேசாமல் இருந்ததையும் பயம் என்றே எழுதிக்கொண்டார்கள். வேலை நிரந்தரம் என்ற கதையை இப்போது யாரும் எடுப்பதில்லை.

வருகிற வியாழக்கிழமை கூட்டம். டைரக்டர், மடாம் மொரெல், நான். கடிதத்தை நானே பிரெஞ்சில் மொழிபெயர்த்து உரக்க வாசிக்க வேண்டுமாம். வெளியாளிடம் கொடுத்தால் விசயம் வெளியே போகுமாம். ஜுனைட் சேரின் இங்கிலீசைப் பார்த்தேன். எங்கள் புத்தகத்தில் இருக்கிற பாதிச் சொலவடைகள் அந்த ஒரே தாளில் இருக்கின்றன. அவற்றை மென்மையாக்கி, பல்லைப் பிடுங்கி, ஒரு மன்னிப்புக் கடிதம் போல வாசிக்க எனக்கு முடியும். அதுதானே என் தொழில்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஒன்றும் செய்யாதீர்கள் என்றேன்.

றுஸ்தா


கல்முனைக்குடி
2024 மார்ச் 23

மகள்,

நோன்பு வாயோடு ஆத்திரப்படக்கூடாது என்று மஃரிப் வரை பொறுத்திருந்து, கஞ்சி குடித்துவிட்டு ஆத்திரப்படுகிறேன். கஞ்சி மட்டும்தான். உன் கடிதத்தை வாசித்ததிலிருந்து உம்மா எனக்குச் சமோசா வைப்பதில்லை.

"ஒங்களுக்குப் புள்ளட வேல பெரிசா, ஒங்கட வீறாப்புப் பெரிசா?" என்று கேட்டா. நான் கஞ்சிக் கோப்பையைக் கழுவ எழும்பினேன். "சொல்லுங்களன். கடைல எவ்வளவு கதைக்கிறீங்க!" என்றா. உன் உம்மா கோபித்தால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். வீட்டில் கதவுகள் எல்லாம் தாமாகவே சத்தமாய் மூடுகின்றன.

மகள், எங்கள் ஊரில் பள்ளிக் கடிதம் இல்லாமல் எது நடக்கிறது? கல்யாணத்துக்குப் பள்ளிக் கடிதம். புருசனும் பெஞ்சாதியும் சண்டை பிடித்தால் பள்ளிக் கடிதம். வைத்தியத்துக்கு உதவி கேட்கப் பள்ளிக் கடிதம். ஆள் நல்லவன் என்று சொல்ல வேறு யாரிடம் போவது? அந்தச் சீலைக் கண்டு ஒரு மனிசன் பயப்படுவான் என்று எனக்கு நித்திரையிலும் தோன்றவில்லை. அதுவும் குறட்டைக்குச் சாட்சி சொன்ன கடிதத்துக்கு!

ஆனால் அந்தக் கேள்வி இருக்கிறதே. என் பிள்ளைக்கு என்னால் ஆபத்தா என்று கேட்டார்களாமே. அதை வாசித்துவிட்டுக் கடைக்குப் போனேன். ஒருவர் வந்து பைப் முழங்கை கேட்டார். நான் அவருக்கு வால்வு கொடுத்து அனுப்பினேன். நீ சைக்கிள் பழகும்போது விழக்கூடாது என்று கடற்கரை வீதியில் பின்னால் ஓடி, நான் விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டேன். அந்த முட்டியைப் படம் பிடித்து அனுப்பவா? பயப்படாதே, அனுப்பமாட்டேன். இனி நான் எதையும் எவருக்கும் அனுப்பமாட்டேன்.

நீ மென்மையாக்கு, மகள். வெட்கப்படாதே. கெட்டியான பெயின்டுக்கு நான் தின்னர் விடுகிற மாதிரி சேருடைய இங்கிலீசுக்குத் தண்ணீர் விட்டுக் கரை. வாப்பாவுக்கு மூளை பிசகு என்று வேண்டுமானாலும் சொல். பெயர் போனால் போகட்டும், உன் வேலை நிற்கட்டும்.

கோழிக்குப் பல் முளைத்துவிட்டது. பிழை என்னுடையது.

வாப்பா


லியோன்
2024 ஏப்ரல் 14

வாப்பா,

உங்கள் கடிதம் கிடைத்தபோது கூட்டம் முடிந்து பல நாளாகியிருந்தது. நீங்கள் சொன்னபடி நான் செய்யவில்லை.

செய்யத்தான் போனேன். மன்னிப்புப் போல ஒரு பிரதியை வீட்டில் எழுதிக் கையில் வைத்திருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் டைரக்டர். பக்கத்தில் மடாம் மொரெல், கழுத்தில் சால்வை, முகத்தில் ஒரு பெரிய பொறுமை. நான் தொடங்க முன்னரே அவர் சொன்னார்: "றுஸ்தாவைக் குறை சொல்லக்கூடாது. பாவம், அவளுடைய ஊர் அப்படி."

வாப்பா, அந்தப் "பாவம்" என்ற சொல்லுக்கு நான் கையில் இருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். சேருடைய கடிதத்தை எடுத்து, ஒரு சொல்லும் விடாமல் வாசிக்கத் தொடங்கினேன்.

பட்டப்பகல் கொள்ளை என்று சேர் எழுதியிருந்தார். எங்கள் புத்தகத்தில் அதற்கு, கடைக்காரன் அதிக விலை சொல்லும்போது பாவிக்கிற ஒரு சின்னச் சொல்தான் இருக்கிறது. அது போதாது. "சுத்தமான களவு" என்று வாசித்தேன். படுத்துக்கொண்டு ஏற்கமாட்டோம் என்பதற்கு, "எங்களை மிதித்துக்கொண்டு போக விடமாட்டோம்" என்றேன். என் குரல் உயர்ந்துகொண்டு போயிற்று. டைரக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் யாருக்கும் என்னை நிறுத்த முடியவில்லை. நான் மொழிபெயர்க்கிறேன், அவ்வளவுதானே? சொல்வது பள்ளி நிர்வாகம். இரண்டு வருசமாய் என் சொந்த வாயால் சொல்ல முடியாததை மீராமுகைதீன் ஹாஜியாரின் வாயால் மேசையில் தட்டித் தட்டிச் சொன்னேன்.

"அவளோடு நிற்போம்" என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றேன். அந்த "ஸ்டேண்ட் பை"க்குப் புத்தகத்தில் நான்கு பிரெஞ்சுச் சொற்கள் கொடுத்திருக்கிறோம். நான்கையும் சொன்னேன்.

வாசித்து முடித்ததும் டைரக்டர் குறட்டை வரிக்குத் திரும்பிக் கையை உயர்த்தினார். "ஒரு நிமிடம். மணியடிக்கிறவர் உண்மையான ஆளா?"

"என் வாப்பா" என்றேன். "எழுபத்திரண்டு உதாரணங்களில் வருகிறவரும் அவர்தான். புத்தகத்தை எடுங்கள், காட்டுகிறேன்."

அவர் மடாம் மொரெலைப் பார்த்தார். "இதில் உங்கள் தகப்பனார் எங்கே வருகிறார்?" என்று கேட்டார். மடாம் மொரெல் சால்வையைச் சரிசெய்தார்.

போன முறை கேட்ட அந்தக் கேள்விக்கும் அங்கேயே பதில் சொன்னேன். என் வீட்டாரால் எனக்கு ஆபத்து இல்லை, என் பெயருக்கு இந்த ஒபிசில்தான் ஆபத்து வந்தது என்றேன்.

முடிவு இதுதான். இரண்டாம் பதிப்பின் மட்டையில் என் பெயரும் வரும், அவருடைய பெயரின் அதே அளவில். ஆனால் பெயர் வந்தால் என்னோடு ஒரே அறையில் வேலை செய்ய மடாம் மொரெலால் முடியாதாம். அவர் அங்கே இருபது வருசமாய் இருப்பவர். அதனால் ஜூனோடு என் வேலை முடியும். பெயரை விட்டுக்கொடுத்தால் நிரந்தர வேலை. யோசித்துச் சொல் என்று ஒரு வாரம் தந்தார்கள்.

நான் பெயரை எடுத்தேன். உங்களுக்காக இல்லை. அதைத் தெளிவாய் எழுதிவிடுகிறேன். உங்கள் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. கடிதம் அனுப்பியதற்கு மட்டுமில்லை, அந்தக் கடிதம் வரும்வரை நான் வாய் திறக்காமல் இருந்தேனே, அதற்கும் உங்கள் மேல்தான் கோபம். வேறு யாரிடம் கோபிப்பது?

வேறு வேலை தேட விசாவில் சில மாதங்கள் இருக்கின்றன. கிடைக்காவிட்டால் ஊருக்கு வர வேண்டியிருக்கும். உம்மாவிடம் பக்குவமாய்ச் சொல்லுங்கள். உங்களுக்குச் சமோசா வைக்கச் சொன்னேன் என்றும் சொல்லுங்கள்.

றுஸ்தா


கல்முனைக்குடி
2024 மே 3

மகள் றுஸ்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பக்குவமாய்ச் சொல்லு என்றாய். எனக்குத் தெரிந்த பக்குவம் உனக்குத் தெரியும். கடிதத்தைக் கடையில் பிரித்து வாசித்து முடித்தபோது நான் வாய்விட்டு வாசித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஜுனைட் சேர் பக்கத்தில் நின்றார். சாப்பாடு கொண்டு வந்த உம்மாவும் வாசலில் நின்றா.

"பேர் வந்துட்டு! நாலு சொல்லும் சொன்னாவாமே!" என்று சேர் என் தோளில் அடித்தார். அவருடைய கண்ணாடி நனைந்திருந்தது. "எண்ட இங்கிலீசு பிரான்சில எடுபட்டிரிக்கி முத்தலிப்!"

"வேல போயிட்டா?" என்றா உம்மா.

செய்தி பள்ளிக்கு எட்ட எவ்வளவு நேரம் ஆகும்? ஹாஜியார் நடந்து வரவில்லை, மோட்டார் சைக்கிளில் வந்தார். "பள்ளிக் கடிதம் தோத்துப் போகுமா? இப்ப வேலையையும் திருப்பிக் குடுக்கச் சொல்லி இன்னொண்டு போடுவம். சேர், பேனைய எடுங்க."

"போதும் ஹாஜியார்" என்றேன். "எண்ட மகள் இனித் தானே கதைப்பா."

அவருக்கு மனம் நொந்துவிட்டது. முதல் கடிதத்தின் போட்டோக்கொப்பி ஒன்றையாவது பள்ளியில் மாட்டலாமா என்று கேட்டார். குறட்டை வரியை மறைத்து மாட்டச் சொன்னேன். உண்மையை மறைக்கக் கூடாதாம். ஆகவே இன்ஷா அல்லாஹ் வருகிற ஜும்ஆவுக்கு என் குறட்டை பள்ளிச் சுவரில் தொங்கும்.

நீ பெயரை எடுத்தது சரி. எனக்காக இல்லை என்று எழுதியதும் சரி. மடாம் மொரெல் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. இருபது வருசமாய் இருந்தால் மற்றவன் பயிரை மேயலாமா? அந்த டைரக்டரும் சரியான ஆள் இல்லை. களவைக் கண்டுபிடித்துவிட்டுக் களவு கொடுத்தவளை வீட்டுக்கு அனுப்புகிற நீதியை நான் இங்கே எந்தப் பஞ்சாயத்திலும் கண்டதில்லை. இதையெல்லாம் கடை வாசலில் நின்று றோட்டுக்குக் கேட்கச் சொன்னேன்.

"அப்ப புள்ள ஊருக்கு வந்திருவாவா?" என்று சேர் கேட்டார்.

"ஏன் வரணும்?" என்று கத்தினேன். "வெண்ட ஆள் எதுக்குத் திரும்பி வாற? எண்ட மகள் அங்கயே நிப்பா. அந்த ஊரிலயே வேற இடத்தில வேல எடுப்பா. ஒருத்தரும் அவவக் கிறுகி வரச் சொல்லப் போடாது!" உம்மா என்னை நிமிர்ந்து பார்த்தா. இந்த மனிசனுக்கும் நெஞ்சுரம் இருக்கிறதே என்று நினைத்திருப்பா. அன்றிரவு சோற்றோடு பொரித்த கோழி வந்தது.

நீயும் அதையே செய், மகள். நில். வேலை தேடு. நான் கத்திச் சொன்னது என் முடிவு, அதில் மாற்றம் இல்லை.

ஆனால் ஜூனோடு வேலை முடியும் என்ற வரியை வாசித்தபோது, ஆத்திரம் வந்து சேர முன்னர், எனக்கு முதலில் வந்தது சந்தோசம். பிள்ளை வீட்டுக்கு வரப்போகிறாள் என்ற சந்தோசம். உன் உழைப்பு போனதைக் கேட்டு ஒரு வாப்பாவுக்கு அது வரலாமா? வந்தது. றோட்டுக்கே கேட்கக் கத்தியவன், அதை மட்டும் ஒருவருக்கும் வாய் திறந்து சொல்லவில்லை.

வாப்பா